இரும்பு இடுப்பு

பதினோரு வருஷமாக அந்த ஹெல்சிங்கி ஹோட்டலில் மெத்தை தூக்கித் தூக்கி லீவியின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கூட வேலை பார்க்கும் கெர்லிக்கும் அதே கதிதான். இன்று கம்பெனி டாக்டர் எல்லோருக்கும் முதுகைப் பரிசோதிக்க வந்திருந்தார்.

“முகத்தைச் சுளிச்சே, சீட்டைக் கிழிச்சிடுவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சிடு” என்றாள் லீவி.

“என்னால முடியாதுடி.”

உள்ளே போன கெர்லி அழுதுகொண்டே வெளியே வந்தாள். பாவம், வேலை போச்சு என்று நினைத்தபடி லீவி நுழைந்தாள்.

“குனிங்க.”

விரல்கள் தரையைத் தொட்டன. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“வலிக்குதா?”

“எனக்கா? இன்னும் நாலு மெத்தை தூக்குவேன் டாக்டர்!”

டாக்டர் நீட்டிய தாளில் ‘வலி இல்லை’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

வெளியே சூப்பர்வைசர் சிர்க்கா தாளை வாங்கிப் பார்த்தாள். “நல்லவேளை, நீயாவது தேறினே! முதுகு போனவங்களை ரிசப்ஷனுக்கு மாத்துறோம். கெர்லிக்கு இனிமே உட்கார்ந்து பார்க்கிற வேலை. சந்தோஷத்துல அழுதுக்கிட்டிருக்கா.”

“அக்கா, எனக்கும் வந்து…”

“பொய் சொல்லிக் கையெழுத்து போட்டிருந்தா நேரா வீட்டுக்குத்தான். உனக்கென்ன, இரும்பு இடுப்பு! கெர்லியோட மாடியையும் நீயே பார்த்துக்கோ.”