பூங்காவுக்கு ஒதுக்கிய இடம்

அவள் குனிந்து அந்த டைல்ஸ் துண்டை எடுத்தாள்.

வெளிர்பச்சை. ஓரத்தில் வெள்ளைக் கொடி.

நான்கு கடை ஏறி இறங்கி அவளே தேர்ந்தெடுத்தது. எங்கள் பழைய குளியலறைச் சுவரில் இருந்தது.

துண்டைக் கவிழ்த்து இரும்புச் சட்டியில் போட்டாள்.

என்னைப் பார்க்கவில்லை.

சுற்றிலும் இருபது பேர் இருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நாற்பது சென்ட் அது. பூங்கா வரவேயில்லை. வேம்பும் ஆவாரையும் தாமாக வந்தன. புதருக்குள் மயில் முட்டையிட்டது. அங்கே கடைகள் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் என் மனைவி. மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். குப்பைமேடாகக் கிடந்தால் பயன்படாத நிலம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசி மூலையில், புல்லை வெட்டிய பிறகுதான் அந்த இடிபாட்டுக் குவியல் தெரிந்தது.

“ரெண்டு லோடு இருக்குமுங்க” என்றாள் தையல்கடை துளசிமணி. “கொட்டுனவன் ஊட்டு வாசல்லயே கொண்டுபோய்க் கொட்டோணும். அப்பத்தான் புத்தி வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

கொட்டச் சொன்னது நான்தான்.

அதற்கு மூன்று வருடம் முன்பு குளியலறையை இடித்தபோது, வாசலில் கிடந்த குவியலால் காரை வெளியே எடுக்க முடியவில்லை. எங்கே கொட்டுவது என்று டிராக்டர்காரர் கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவள் அப்போது அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வந்து கேட்டதற்கு, யாரோ பள்ளம் நிரப்ப எடுத்துப்போனார்கள் என்றேன்.

இப்போது அவள் வேகமாகப் பொறுக்கினாள். பச்சை தெரிந்த இடத்துக்கெல்லாம் அவள் கைதான் முதலில் போனது.

ஆனாலும் ஒன்று துளசிமணியிடம் சிக்கியது. உடையாத முழு டைல்ஸ். முந்தானையால் துடைத்தாள். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்து போனவள். மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நாந்தான் கொட்டச் சொன்னேன்” என்றாள் என் மனைவி. “அப்புறமா எடுத்துரலாம்னு இருந்தேன். விட்டுப்போச்சு துளசி.”



வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். அதன்பின் வரிசை தானாகவே கொஞ்சம் நகர்ந்துகொண்டது. அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தன் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெருமுனை வண்டிவரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள்.

நான் வரிசையில் நின்றேன்.

இடம் தப்பித்தது.

வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நான் பேசுவேன் என்று சில நாள் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

போன சித்திரையில் இறந்துபோனாள்.

அங்கே வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைப்பதற்காகப் போன வாரம் கூட்டம் போட்டார்கள். குடியிருப்புச் சங்கத் தலைவர், பலகையில் போட அவள் பெயரைச் சொன்னார். துளசிமணி எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“போய்ச் சேந்தவங்களப் பத்திச் சொல்லக் கூடாதுங்க. ஆனா அங்கயே கல்லையும் மண்ணையும் கொட்டுனவங்க பேர வெச்சா, நாளைக்கு நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?”

தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார்.

எழுந்தேன்.

எல்லோரும் பார்த்தார்கள்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துக்கம் தாளாமல் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன்.

துளசிமணிதான் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“சக்கரை போதுங்களாண்ணா?”

போதும் என்றேன்.