சேனை வைத்தது யார்?

"சேனை வெச்சது யாருன்னு கேக்குறேன்ல?"

டாக்டர் அல்லிக்குத் தொண்டை கட்டிப்போய்ப் பாதிக் குரல்தான் வந்தது. அந்தப் பாதிக் குரலிலேயே பிடிபிடியென்று பிடித்தார். உள்ளே கண்ணாடிப் பெட்டியில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

கோபம் வராதா பின்னே? பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று சொல்லிச் சொல்லி, கோட்டுச்சேரியிலிருந்து கிளிஞ்சல்மேடு வரை அவர் ஏறி இறங்காத வீடில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும், நல்ல மனுஷர் யாரையாவது கூப்பிட்டு, இனிப்பைத் தொட்டுப் பிள்ளை நாக்கில் சேனை வைக்கச் சொல்வார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். என்னத்தைச் சொல்ல!

வரிச்சிக்குடி அன்பழகன், குழந்தையின் அப்பா, தலையைக் குனிந்தபடி நின்றான். பக்கத்தில் அவன் அக்கா அஞ்சுகம் மூக்கை உறிஞ்சினாள். டாக்டர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்குச் சளியா?"

"இல்லீங்க. அழுவுறேன்."

சளி பிடித்த யாரோ வாய்க்குள் வைத்ததுதான் நெஞ்சுவரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு ரெண்டு தும்மலோடு போகிற சமாச்சாரம், பச்சைக்குழந்தை உயிரைக் குடித்துவிடும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமல் வர, மாஸ்க்கைப் பொத்திக்கொண்டார்.

"இங்க இன்னும் எத்தனை குழந்தைங்க இருக்கு! அந்த ஆளு இனிமே இந்த வார்டு பக்கமே வரக் கூடாது. யாரு அது?"

குழந்தையின் அம்மா பிரதீபா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் இதே டாக்டர் கையால் பிழைத்தவள் அவள். மகள் பிழைப்பாளா என்று கேட்டாள். முதலில் ஆளைச் சொல் என்றார் டாக்டர்.

பிரதீபா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்க வம்சத்துல ஒருத்தர்கூடப் படிச்சதில்ல டாக்டரம்மா. இவளாவது பெரிய ஆளா வரணும்னு ஆசைப்பட்டோம். பொறந்த அன்னிக்கி நீங்க பாக்க வந்தப்ப, தொண்டை கட்டியிருக்கேன்னு சுக்குக் காப்பி குடுத்தோம்..."

அன்பழகன்தான் முடித்தான்.

"நீங்க குடிச்சிட்டு வெச்ச மிச்சத்துலதாங்க தொட்டு வெச்சோம்."