அனுப்பாத புள்ளி

"அண்ணை, எனக்கு எல்லாப் புள்ளியையும் அனுப்பிட்டீங்களோ?"

"ஓமோம், பதின்மூண்டும் அனுப்பிட்டன் தம்பி," என்றார் வீரக்குட்டி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பச்சைப் பொய்!

ஜனார்த்தனனுக்குத் தெரியும். காலையில் வீரக்குட்டி முகம் கழுவப் போன நேரம், கூடாரத்துக்குள் சார்ஜில் கிடந்த அவருடைய போனை அவன் எட்டிப் பார்த்திருந்தான். வரைபடம் திறந்தபடி கிடந்தது. மான் தண்ணி குடிக்கிற இடம், மான் படுத்த இடம், மான் கடக்கிற இடம் என்று பதின்மூன்று சிவப்புப் புள்ளிகள். எல்லாம் வீட்டிலிருந்து வெளிக்கிட முதலே அவனுக்கு வந்தவைதான்.

ஆனால் மேட்டுப் பக்கம், தனியாக ஒரு மஞ்சள் நட்சத்திரம். அது மட்டும் வரவில்லை.

இரண்டு பேரும் ஸ்காபரோவில் ஒரே பேக்கரித் தொழிற்சாலையில் பத்து வருசமாக வேலை. வீரக்குட்டி வருசா வருசம் கார்த்திகையில் மான் வேட்டைக்கு வருகிறவர். "இந்தமுறை நீங்களும் வாங்க தம்பி" என்று அவராகத்தான் கூப்பிட்டார். ஸ்காபரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் வடக்கே காரில் ஓடி வந்த காடு. சிக்னல் இல்லை. வீட்டிலேயே வரைபடத்தை இறக்கிக்கொண்டு வந்தால், 'நீ நிக்கிறது இங்கே' என்று ஒரு நீலப் பொட்டு மட்டும் காட்டும்.

இன்று மூன்றாம் நாள். நாளைக்கு வீடு. ஜனார்த்தனன் இதுவரை கண்டதெல்லாம் அணில்.

வீரக்குட்டியோ ஒவ்வொரு நாளும் பின்னேரம், சரியாக மான்கள் வெளியே வருகிற நேரம் பார்த்து, "நீங்க இந்தக் குளக்கரையில நில்லுங்க, நான் மேட்டுப் பக்கம் ஒருக்காப் போய்ட்டு வாறன்" என்று நழுவிவிடுவார்.

"அங்கை என்ன அண்ணை இருக்கு?"

"ஒண்டுமில்ல. வெறும் பாறை."

வெறும் பாறைக்கு ஏன் மஞ்சள் நட்சத்திரம்?

காலையிலேயே ஜனார்த்தனன் அந்த நட்சத்திரத்தைத் தொட்டு, அந்த இடத்தைக் காட்டுகிற இலக்கங்களைக் கோப்பிக் கப்பில் கிறுக்கித் தன் போனில் ஏற்றிவிட்டான். 'பத்து வருசம் ஒரே மேசையில சாப்பிட்டம். ஒரு மானுக்காக இப்பிடி ஒளிக்கிறானே மனுசன்!'

இரண்டு மணிக்கு வீரக்குட்டி வழமைபோலப் புறப்பட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து ஜனார்த்தனன் துவக்கிலிருந்த தோட்டாக்களைக் கழற்றிப் பைக்குள் போட்டான். தோடம்பழ நிற வேட்டை அங்கியை இழுத்துச் சரிசெய்தான். நீலப் பொட்டை மஞ்சள் நட்சத்திரத்தை நோக்கி நடத்தினான்.

வரைபடத்தில் விரல் நீளம்தான். காலுக்கு அது முழங்கால் சேறு, முள்ளுப் பற்றை, பிறகு செங்குத்தான ஏற்றம். பாதி ஏறும்போது மூச்சு வாங்கியது. மாசியில் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் இருந்து எழும்பினான். மான் கொம்பு கண்ணுக்குள் நின்றது.

உச்சிக்குக் கிட்டப் போனதும் நிலத்தைப் பார்த்தான். ஒரு குளம்படி இல்லை. புழுக்கை இல்லை. மான் கடிக்க ஒரு இலை கூட இல்லை. உண்மையாகவே வெறும் பாறை.

அப்போது சட்டைப் பைக்குள் போன் நடுங்கியது. நடுங்கியது, நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் வட்ஸ்அப் எல்லாம் ஒன்றாக வந்து குவிந்தது.

இங்கே சிக்னல் இருக்கிறது!

பைன் மரமொன்றின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். வீரக்குட்டி பாறையில் கால் நீட்டி இருந்தார். துவக்கு ஒரு பக்கம் கிடந்தது. கையில் போன், ஸ்பீக்கரில்.

"இண்டைக்குச் சாப்பிட்டவரோ அண்ணை?"

ஜனார்த்தனன் திடுக்கிட்டான். அது சந்திரவதனாவின் குரல். அவனுடைய மனிசி.

"நல்லாச் சாப்பிட்டார் தங்கச்சி. பாணும் சம்பலும்."

"நெஞ்சுக் குளிசை?"

"காலையில போட்டவர். நான் பாத்தனான்."

"நெஞ்சு நோகுது, களைக்குது எண்டு ஏதும்..."

"இல்லவே இல்ல. இப்பயும் வரக்குள்ள ஒரு மரத்துக்குப் பின்னால நிண்டு பாத்திட்டுத்தான் வந்தன். குளக்கரையில ஆள் ராசா மாதிரி இரிக்கார்."

"ஒவ்வொரு நாளும் போன் எடுப்பன் எண்டு நீங்கள் சொன்னபடியாத்தான் நான் அவரை விட்டனான் அண்ணை. எனக்கும் மூண்டு மணிக்குத்தான் வேலை முடியுது. அந்த நேரம்தானே மானும் வருமாம்? என்னாலை உங்கடை வேட்டை பாழாப்போகுது."

"மான் கிடக்கட்டும், விடுங்க. நீங்க நிம்மதியாப் படுத்தாச் சரி."

ஜனார்த்தனன் ஒரு காலைப் பின்னுக்கு வைத்தான். பிறகு மற்றக் காலை. ஒரு சுள்ளிகூட முறியக்கூடாது. இவருக்கு முதல் குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

"நாளைக்கு அவர் வந்ததும் நான் இதைச் சொல்லப்போறன் அண்ணை. நீங்கள் செய்தது அவருக்கும் தெரியவேணும்."

"ஐயோ வேணாம் தங்கச்சி! என்னை முழுசா நம்பி வந்த மனுசன். நான் ஒளிச்சு நிண்டு அவரப் பாக்கிறன் எண்டு தெரிஞ்சா, மனம் நொந்து போயிருவார்."