வயிற்றுப் பக்கத்துப் படம்

"இது கடிக்குமா துளசி? பாப்பா அங்கதான் தவழுது."

பாஞ்சாலை அக்கா வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டு, தன் வீட்டுப் பின்சுவரை ஒட்டி வலை கட்டியிருந்த சிலந்தியின் படத்தையும் அனுப்பியிருந்தாள். படத்தைப் பார்த்தே துளசி இனம் சொல்லிவிடுவாள் என்பது தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றபின் அவள் ஆட்களோடு பேசுவதே இப்படித்தான்.

சிலந்தி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுக் கோடுகளைப் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வயிற்றுப் பக்கம் ஒரு படம் வேண்டுமென்று துளசி எழுதினாள்.

பாஞ்சாலை குரல்பதிவாகவே பதில் அனுப்பினாள். "சுவத்துக்கும் வலைக்கும் நடுவுல கையே நுழையாதுலா. நான் என்ன பல்லியா?"

சற்று நேரத்தில் அவள் எண்ணிலிருந்து இன்னொரு படம் வந்தது. வயிற்றுக் கோடுகள் தெளிவாக இருந்தன. ஆளுக்கு ஆபத்தில்லாத இனம். படம் சுவர்ப் பக்கமிருந்து எடுத்தது; அதில் வலைக்கு அப்பால் பாஞ்சாலை போனை உயர்த்திப் பிடித்து நின்றாள். அவள் காலடியில் பாப்பா, படம் எடுத்தவரைப் பார்த்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டிச் சிரித்தது.

துளசி பதில் எழுதுவதற்குள் பாஞ்சாலையே பிள்ளையோடு துளசி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்ன பிள்ள, பேச்சையே காணோம்? மருந்து அடிக்கவா, வேணாமா?"

"கடிக்காதுக்கா. வயித்துப் பக்கம் யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? மறுபடியும் முதுகத்தான் எடுத்து அனுப்புனேன்."

துளசி படத்தைக் காட்டினாள்.

பாஞ்சாலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் போனை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், வெறுங்காலோடு பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் ரோட்டில் இறங்கி நடந்தாள்.