ஏழாம் எண் படம்

சரசு தாலிச் சரடை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்து, அதில் ஊக்கில் தொங்கிய சாவியை ஏழாம் எண் படத்தின் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தாள்.

பொருந்தியது.

தகரப் பெட்டிச் சாவி. ஒரு பல் உடைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்த சாவியிலும் அதே பல் இல்லை.

பக்கத்துச் சுவரில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த எத்திராஜின் கை நின்றது.

கண்காட்சிக் கூடம் திறக்க இன்னும் அரை மணி இருந்தது. சரசு கண்ணாடி துடைக்க வந்தவள். புடவைமேல் நீலச் சட்டை போட்டிருந்தாள்.

எத்திராஜ் யாரிடமும் ஓவியம் படித்ததில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே அறை உதவியாள். இருபத்திரண்டு வருடம். நோயாளியைத் தயார்செய்து நிறுத்துவது, பிலிமை இருட்டறையில் கழுவுவது. பழைய படங்களை ஆஸ்பத்திரி கழித்துக் கட்டும்போது, பிடித்ததை அல்சூரிலிருந்த தன் ஒற்றை அறைக்கு எடுத்துவருவார். எனாமல் பூசுவார். ஊதுவத்திச் சாம்பல், ஜிகினாத் தாள், நூல், கைக்கு எது கிடைத்ததோ அதை ஒட்டுவார்.

இது முதல் கண்காட்சி. ஒன்பது படங்கள். ஒன்பதும் பெண்களின் மார்புக்கூடு. ஒன்பதிலும் தாலி.

பெண்ணின் மூச்சின்மேல் விழுந்த நிழல் என்று, கூடத்தை நடத்தும் மௌரீன் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வாசலில் மாட்டியிருந்தாள். எத்திராஜுக்கு அது புரியவில்லை. பிடித்திருந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்ட பத்திரிகைக்காரர்களிடம் ஒரே பதிலைத்தான் சொன்னார். தொண்ணூற்றைந்தில் ஒரு பெண் தாலியைக் கழற்றமாட்டேன் என்று அழுதாள். போகட்டும் என்று அப்படியே நிறுத்தினார். இருட்டறையில், ஈரம் சொட்டிய பிலிமில், விலா எலும்புகள் கிளைகளாக விரிந்திருந்தன. நடுவில் சரடு வெள்ளை ஆறாக இறங்கியது. அன்றைக்குத்தான் கண் திறந்தது என்பார்.

அது உண்மை. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்களின் வீட்டார் இப்படிப்பட்ட இடத்துக்குப் படம் பார்க்க வரமாட்டார்கள் என்று தெரியும். துடைக்க வருவார்கள் என்று அவர் நினைத்ததில்லை.

"அண்ணா, இது எங்கம்மா. ரத்தினம்மாள். ரோடு பெருக்கற வேலை. ஓயாம இருமும். ரெண்டு வருசம் முன்னாடி நான்தான் கூட்டியாந்தேன், நீங்கதான் நிக்க வெச்சு எடுத்தீங்க. ஞாபகமில்லயா?"

எத்திராஜ் சீட்டின் மூலையை விரலால் அழுத்தினார்.

"அதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரில தாலிய கழட்டுன்னாங்கனு சண்ட போட்டுட்டு வந்துடுச்சு. உங்ககிட்டதான் கழட்டாம நின்னுச்சு. சாவற வரைக்கும் சொல்லும்ணா. அந்த எக்ஸ்ரேக்காரன் நல்ல மனுசன்டி, கழட்டுன்னு ஒரு வார்த்த கேக்கலன்னு."

அவள் சிரித்தாள்.

"கலரப் பாருங்க. எங்கம்மாக்குள்ள இவ்ளோ கலரா? வெளிய ஒரே பச்சப் பொடவதான்."

"தொடச்சாச்சாம்மா? ஜனம் வந்துடும்."

"ஆச்சுண்ணா."

ஆனால் நகரவில்லை. சாவிக்குச் சற்று மேலே, தாலிக்குக் கீழிருந்து கிளம்பிச் சட்டத்தைச் சுற்றிப் போயிருந்த மஞ்சள் கயிற்றை விரலால் தொடர்ந்தாள். அதன் நுனியில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு காய்ந்து சுருங்கியிருந்தது.

"இது எதுக்குண்ணா?"

"அழகுக்குத்தான்."

"ஆறு மாசம் கழிச்சு ரத்தமா துப்பிச்சு. மறுபடி பெரிய ஆஸ்பத்திரிக்கே ஓடுனோம். அங்க ஒரு நர்சம்மா இதே மாதிரி ஒரு கயிற கழுத்துல கட்டிவிட்டு, இப்ப அதக் கழட்டும்மா, ஒரு தோஷமுமில்லன்னாங்க. மறு பேச்சில்லாம கழட்டிக் குடுத்துச்சு. அப்பறம்தான் தெரிஞ்சுது. தாலி இருந்த எடத்துக்குப் பின்னாடியே, எலுமிச்சம்பழமாட்டம் கட்டி."

அந்த இடத்தில் எத்திராஜ் தங்க ஜிகினா ஒட்டியிருந்தார்.

சரசு சாவியை உள்ளே போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் சாவி பட்ட தடத்தைத் துடைத்தாள். எட்டாம் படத்துக்குப் போனாள்.

எக்ஸ்ரே அறைக் கதவோரம் ஓர் ஆணி உண்டு. தாலி கழற்றத் தயங்கும் பெண்களுக்காக முழம் முழமாகக் கயிறு வெட்டி, மஞ்சள் துண்டு கட்டி, அதில் கொத்தாகத் தொங்கவிட்டவர் எத்திராஜ்தான். வேலைக்குச் சேர்ந்த வருடமே அதைச் செய்தார். நாளுக்கு நாலைந்து போகும். தொண்ணூற்றைந்தில் அழுத அந்தப் பெண் வந்த அன்று மட்டும் ஆணி காலியாக இருந்தது.

மறுநாள் புதிதாக ஒரு கொத்து கட்டினார். ஆணியில் மாட்டவில்லை.

படத்தில் தாலி விழுந்திருக்கிறதே என்று டாக்டர் கடிந்துகொண்டால், "கழட்ட மாட்டேங்குதுங்க சார்," என்பார்.

வாசலில் மௌரீனின் குரல் கேட்டது. யாரையோ அழைத்து வருகிறாள்.

சரசு ஒன்பதாம் படத்தின் முன்னால் நின்றிருந்தாள். துணி கையில் அப்படியே இருந்தது. எட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஆறை, ஐந்தை, முதல் படம் வரைக்கும் பார்த்தாள். ஒவ்வொன்றின் சட்டத்தையும் சுற்றி மஞ்சள் கயிறு.

"ஏண்ணா," என்றாள். "இவ்ளோ கயிறு ஏது உங்களுக்கு?"