சிவப்பணு மாநாடு

வெளிநாடு போய் டெங்குவோடு திரும்பிய சர்புதீனின் ரத்தத்தில் ஒரு சிவப்பணு ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கிய காலையில் அது சுற்றிலும் பார்த்தது. திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பணுக்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு! மேடையும் மைக்கும் இல்லாததுதான் குறை.

"பாரு தம்பி, நம்ம கூட்டத்தை! இதைப் பார்த்துதான் காய்ச்சலே ஓடிருச்சு" என்று மார்தட்டியது.

கேட்டுக்கொண்டிருந்தது ஒரு தட்டணு. காயம் பட்டால் ஓடிப்போய் அடைக்கிற இனம். அதன் ஆட்களில் முக்கால்வாசி அந்தக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"ஆள் கூடலைண்ணே. ரத்தக்குழாய் கசிஞ்சு தண்ணி வெளியே போகுது. அதான் நெரிசல்."

"உன் கூட்டம் கலைஞ்சுபோன வயித்தெரிச்சல்ல பேசாதே!"

வெளியே, ஆஸ்பத்திரி அறையில் சர்புதீன் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். "காய்ச்சல்தான் விட்டுருச்சே டாக்டர், ரயிலுக்கு நேரமாச்சு."

ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்த டாக்டர் மலர்க்கொடி, பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"காய்ச்சல் விட்ட பிறகுதான் இதுல ஆபத்தே. ரத்தம் கெட்டியாயிருக்கு. படுங்க, டிரிப்ஸ் போடணும். சரியாயிடும்."

உப்புநீர் இறங்க இறங்க நெரிசல் தளர்ந்தது. கையை நீட்டினாலும் இடிக்க ஆளில்லாமல் சிவப்பணு தனியாக மிதந்தது.

"ஐயோ, எங்கே போனாங்க எல்லாரும்?"

"யாரும் போகலைண்ணே" என்றது தட்டணு. "நீங்க எப்பவுமே இத்தனை பேர்தான்."