ரெண்டாவது பக்கம்

கணவனைப் பறிகொடுத்த தங்கை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எழுதறே?" என்றான் அண்ணன்.

"அந்த ஆஸ்பத்திரியைப் பத்தித்தான். பித்தப்பையில கல்லை எடுக்கறேன்னு ஆளையே எடுத்துட்டாங்க. இன்னொருத்தி என்னை மாதிரி ஏமாறக் கூடாது."

"அங்க போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டேன், நீ எடுக்கலை. அவரு வலியில துடிக்கிறாரு. நெட்ல தேடினேன், அதுதான் முதல்ல வந்துச்சு. எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தாங்க."

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்திருக்கலாம்."

"நெட்ல தேடினா ரெண்டாவது பக்கத்தை எவனும் திறக்க மாட்டான்னு நீதானேண்ணா சொல்லுவே? இப்பத்தான் திறந்து பார்த்தேன். அதே டாக்டர்கிட்ட ஆளைப் பறிகொடுத்தவங்க எத்தனை பேரு அழுது எழுதியிருக்காங்க. எல்லாம் எங்கேயோ அடியில கிடக்கு."

அவள் போனிலிருந்து நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"வெப்சைட்டை முன்னாடி கொண்டு வர்றதுதானே உன் வேலை? நான் எழுதறது எல்லார் கண்ணுலயும் படணும். செய்வியா?"

"செய்றேன்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தாள். வெளியிட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஆஸ்பத்திரி மேனேஜர் அனுப்பியிருந்தார்.

"சார், யாரோ ஒரு பொம்பளை நம்மளைப் பத்திக் கன்னாபின்னான்னு எழுதியிருக்கா. வழக்கம்போல பின்னாடி தள்ளிடுங்க."